கொடுமுடி கோகிலம்

சத்தியமங்கலத்துப் படித்துறைகளை நனைத்துக்கொண்டு கிழக்கே ஓடும் பவானியாறு, கூடுதுறையில் காவிரியோடு கலந்து தன் பெயரை இழக்கிறது. அங்கிருந்து அந்நீர் ஈரோட்டைத் தொட்டுத் தெற்கே இறங்கி, கொடுமுடியை அடைந்ததும் கிழக்கு நோக்கித் திரும்புகிறது. ஆற்றோடு போகாமல் அணையில் மடக்கப்பட்ட பவானி நீரையும் காலிங்கராயன் வாய்க்கால் வளைந்து வளைந்து கொண்டுபோய் அதே கொடுமுடிப் பக்கத்து ஆவுடையார்பாறையில்தான் சேர்க்கிறது. எந்த வழியாகப் போனாலும் பவானித் தண்ணீர் கொடுமுடிக்குப் போய்ச் சேரும் என்பது கொங்கு நாட்டு உழவர் அறிந்த செய்தி.

அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் அது. பாண்டிக்கொடுமுடி என்று பதிகங்கள் போற்றுகின்றன. ஐந்தெழுத்தை நா மறவாது என்று சுந்தரர் உருகி ஒரு பதிகம் முழுவதையும் பாடியது அங்கேதான். பாட்டால் பெயர்பெற்ற அவ்வூருக்கு இருபதாம் நூற்றாண்டில் மறுபடியும் ஒரு பாட்டே பெயர் வாங்கித் தந்தது. கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்பதன் சுருக்கமே கே. பி. சுந்தராம்பாள். முதலெழுத்து ஊரின் பெயர். இரண்டாம் எழுத்து தாயின் பெயர். தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாக நிற்கும் வழக்கமுள்ள நாட்டில், தாயின் பெயரைத் தாங்கி ஏறத்தாழ அறுபது ஆண்டுக்காலம் மேடையிலும் திரையிலும் ஒரு பெண் நின்றார் என்பதே அவர் வாழ்க்கையின் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

1908ஆம் ஆண்டில் பிறந்தவர் அவர். தந்தையின் நிழல் நீடிக்கவில்லை. பாலாம்பாள் அம்மாள் மூன்று மக்களோடு நிராதரவாக நின்றார். தாய்மாமன் மலைக்கொழுந்தன் ஓரளவு துணைநின்றார். மலைக்கொழுந்தன் என்பது கொடுமுடி மகுடேசுவரருக்கே உரிய பெயர்களுள் ஒன்று. கடவுளின் பெயரைத் தாங்கியவரும் செல்வராக இல்லை. வறுமையைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதுகிறவர்கள் அதைப் பொன்முலாம் பூசி எழுதுவது வழக்கம். சுந்தராம்பாளின் குழந்தைப் பருவத்து வறுமைக்கு அந்த முலாம் ஒட்டாது. ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் இருப்புப்பாதை கொடுமுடியைத் தொட்டுச் செல்கிறது. அந்தத் தடத்தில் ஓடிய வண்டிகளில் ஏறிப் பாடி, பயணிகள் கொடுத்த காலணா அரையணாவை வாங்கிக்கொண்டு வந்து அடுப்பேற்றிய குடும்பம் அது. குழந்தையின் குரல் புகைவண்டியின் இரைச்சலை மீறி எழவேண்டியிருந்தது. பெட்டியின் ஒரு கோடியில் இருப்பவர் பாட்டைக் கேட்டால்தான் கோடிவரை கை நீளும். அந்தக் குரலுக்குக் கிடைத்த முதற் பயிற்சி அதுவே என்று கொள்ளலாம்.

அப்படி ஒரு பயணத்தில் அக்குரலைக் கேட்டவர் எஃப். ஜி. நடேச ஐயர் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. நடேச ஐயர் தென்னிந்திய இரயில்வேயில் உயர்ந்த அலுவலர், நாடகப் பித்தர், 1914இல் திருச்சியில் இரசிக ரஞ்சன சபையை நிறுவியவர். அவர் காதில் விழுந்த பாட்டு வீணாகவில்லை. குழந்தை வேலு நாயர் என்பவரின் நாடகக் குழுவில் சேர்க்கப்பட்டது. சங்கரதாச சுவாமிகளின் நாடகங்கள் தமிழ்நாடு முழுவதும் கொடிகட்டிப் பறந்த காலம். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் துடிக்கும் மகன் வேடம் சுந்தராம்பாளுக்குக் கொடுக்கப்பட்டது. தாய் நல்லதங்காளிடம் வயிற்றுப் பசியைச் சொல்லி அழும் பிள்ளையின் பாட்டைப் பாடவேண்டும். அந்தப் பாட்டுக்கு வாத்தியார் கற்பித்தது இராகமும் தாளமும் மட்டுமாக இருந்திருக்கும். மற்றதெல்லாம் குழந்தைக்கு முன்னமே தெரியும். கொட்டகையில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். புகைவண்டியில் பசிக்காகப் பாடிய பிள்ளை மேடையில் பசியையே பாடியது.

அக்காலத்து நாடக மேடையைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் அம்மையாரின் குரல் அந்த மேடையின் பிள்ளை. ஒலிபெருக்கி கிடையாது. ஆயிரம் இரண்டாயிரம் பேர் தரையில் அமர்ந்திருப்பார்கள். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை நாடகம். நடிகர் தாழ்ந்த சுருதியில் பாடினால் மூன்றாம் வரிசையைக்கூட அது எட்டாது. ஆகவே ஆணும் பெண்ணும் நான்கு கட்டை, ஐந்து கட்டை என்று உச்சச் சுருதியில்தான் பாடினார்கள். கட்டை என்று தமிழர் இயல்பாகச் சொல்லும் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அது ஆர்மோனியப் பெட்டியின் மரக்கட்டை. வெள்ளைக் கட்டைகளில் முதலாவதை ஆதாரமாகக் கொண்டால் ஒரு கட்டைச் சுருதி. ஐந்தாவதைக் கொண்டால் ஐந்து கட்டை. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் அரைக் கணக்கு. ஐரோப்பியர் பியானோவில் வரிசைப்படுத்தி வைத்த அதே வெள்ளையும் கறுப்பும்தான் அவை. 1842இல் பாரிசு நகரத்தில் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம் கடல் கடந்து கல்கத்தாவுக்கு வந்து, கையால் துருத்தி அசைக்கும் சிறு பெட்டியாக உருமாறி, நாடகக் கொட்டகைகளின் வழியே தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. மேடையின் ஓரத்தில் அமர்ந்திருந்த ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்ததோடு நில்லாமல், பின்பாட்டுப் பாடி, நடிகர் களைத்தபோது இடத்தை நிரப்பி, அரை நாடகத்தைத் தாமே தாங்கினார்.

கட்டைகள் கொண்ட கருவிக்கு ஒரு குறை உண்டு. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையில் அதற்கு வழி இல்லை. கட்டையை அழுத்தினால் ஒலி பிறக்கும், வளைக்க முடியாது. தமிழிசைக்கு உயிரான கமகம் அதில் நிற்பதில்லை. இந்தக் குறை காரணமாகவே அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த விலக்கு நீடித்தது. பியானோவும் அப்படித்தான். சுத்தியல் கம்பியில் பட்டதும் ஒலி எழும்; எழுந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட கருவியில் மனித நெஞ்சைப் பிழிந்தெடுத்தவர் போலந்து நாட்டுச் சோப்பேன். 1830இல் தாய்நாட்டை விட்டுப் புறப்பட்டு, மறுபடி அதைக் காணாமலே 1849இல் பாரிசில் முப்பத்தொன்பது வயதில் மறைந்தவர். உடல் பாரிசில் புதைக்கப்பட, இதயம் மட்டும் வார்சாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டு அங்கே ஒரு தேவாலயத்துத் தூணில் வைக்கப்பட்டது. அவர் தம் மாணவர்களுக்குச் சொன்ன அறிவுரை வியப்புக்குரியது. பியானோவை நன்கு வாசிக்க வேண்டுமானால் சிறந்த பாடகர்களைக் கேட்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். வளைக்க முடியாத கட்டைகளில் மூச்சையும் தேம்பலையும் கொண்டுவருவதற்கு மனிதக் குரலையே அவர் ஆசானாகக் கொண்டார். தமிழ்நாட்டு நாடக மேடையில் இது வேறு விதமாக நடந்தது. கருவியும் குரலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஆர்மோனியம் அசையாத படிக்கட்டைப் போட்டுக் கொடுத்தது. குரல் அந்தப் படிகளுக்கு நடுவில் இருந்த இடைவெளிகளில் அழுதது. சுந்தராம்பாள் பாடும்போது இந்த வேறுபாடு செவிக்கு நன்றாகப் புலப்படும். ஐந்து கட்டையில் நின்றுகொண்டு, மேல் சட்சமத்தைத் தொட்டு, தொட்ட இடத்தில் நில்லாமல் ஒரு நூலிழை கீழே நழுவி மறுபடி ஏறும் அந்த அசைவைப் பெட்டி செய்யமாட்டாது.

கொங்கு நாட்டுச் செவிக்கு அந்த அசைவு புதிதன்று. இழவு வீட்டில் பெண்கள் கட்டிக்கொண்டு அழும்போது எழும் ஒப்பாரியிலும், உடுக்கடித்து இரவெல்லாம் சொல்லும் அண்ணன்மார் கதையில் தங்கை தமையன்மாரைத் தேடி அழும் கட்டத்திலும் அது உண்டு. சங்கீத சபைகளில் இருந்த சிலர் நாடகப் பாட்டைச் சற்றுக் கீழாகவே எண்ணினார்கள். உண்மையில் நாடகப் பாட்டு, சபை இசையின் இராக இலக்கணத்தையும் களத்து மேட்டு அழுகையையும் ஒரே மூச்சில் கட்டிய பாட்டு. அதைக் கீழானது என்று சொல்வதற்கு ஞானம் வேண்டியதில்லை.

பத்து வயது தொடங்கியே அவர் இலங்கைக்கும் சென்று நடித்தார். கொழும்பு அக்காலத் தமிழ் நாடகக்காரர்களுக்குப் பொன் விளையும் பூமி. 1926இல் அங்கேதான் எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். செங்கோட்டையில் 1906இல் பிறந்த கிட்டப்பா, கன்னையா கம்பெனியின் தசாவதார நாடகத்தால் நாடெங்கும் புகழ்பெற்றவர். இயற்பெயர் இராமகிருஷ்ணன். அவருக்கு அப்போது இருபது வயது, சுந்தராம்பாளுக்குப் பதினெட்டு. கிட்டப்பாவின் எட்டாத சுருதிக்கு முன்னால் இந்தப் பெண்ணால் நிற்க முடியுமா என்று கொட்டகை வாசலில் பந்தயம் கட்டினவர்களும் உண்டாம். வள்ளி திருமணம் அரங்கேறியது. தினைப்புனத்தில் வேடனாக வந்து வம்பு பேசும் முருகனுக்கும் பரண்மேல் நின்று மறுத்துப் பேசும் வள்ளிக்கும் பாட்டிலேயே தர்க்கம். எழுதி வைத்த பாட்டு முடிந்த பின்னும் இருவரும் நிறுத்தவில்லை. ஒருவர் ஏறிய இடத்துக்கு மேலே மற்றவர் ஏறினார். அன்று யார் வென்றார் என்ற வழக்கு இரசிகர்களிடையே பல ஆண்டுகள் தீராமலே இருந்தது. அந்த வழக்கில் சம்பந்தப்பட்ட இருவரும் மட்டும் அதை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டார்கள்.

1927இல் மாயவரத்தில் அவர்கள் திருமணம் நடந்தது. கிட்டப்பா முன்னரே மணமானவர். சென்னை மாகாணத்தில் இருதாரத் தடைச் சட்டம் வருவதற்கு அப்போது இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. ஆகவே சட்டம் குறுக்கே நிற்கவில்லை. குலமும் குடும்பமும் நின்றன. கிட்டப்பா அந்தண குலத்தவர். மேடையில் வள்ளியாகவும் முருகனாகவும் கண்டு கைதட்டிய அதே சமூகம், மேடையிலிருந்து இறங்கியதும் இருவரையும் இரு வேறு வாசல்களுக்கு அனுப்பியது. கிட்டப்பாவின் தமையனார் காசி ஐயர் ஆர்மோனியத்தில் வல்லவர். தம்பியின் பாட்டுக்குப் பெட்டி வாசித்தவர். அந்தப் பெட்டியின் சுருதிக்குள் ஒன்றாக நிற்கமுடிந்த இரு குரல்களால் ஒரு கூரையின் கீழ் நீடித்து நிற்கமுடியவில்லை. பிறந்த ஒரு குழந்தையும் நிலைக்கவில்லை. மனக்கசப்பு வளர்ந்தது. இருவரும் பிரிந்திருந்த காலத்தில் சுந்தராம்பாள் கணவருக்கு எழுதிய கடிதங்கள் எஞ்சியிருக்கின்றன. பிறகு அச்சிலும் வந்துவிட்டன. ஒரு பெண் தன் கணவனுக்கு மட்டும் எழுதியதை ஊரார் படிப்பது முறைதானா என்ற ஐயம் எழத்தான் செய்யும். படித்தவர்கள் அறிவார்கள்: அதிகம் பள்ளி சென்றிராத அந்தக் கையெழுத்தில் ஊடலும் வேண்டுதலும் தன்மானமும் ஒன்றையொன்று விடாமல் பின்னிக் கிடக்கின்றன. பாட்டில் கேட்கும் குரல்தான் அதிலும்.

1933 டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா இறந்தார். வயது இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து.

அன்றிலிருந்து அவர் வெள்ளைப் புடவையே உடுத்தினார். நகைகள் கழன்றன. இனி எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதிகொண்டார். கடைசிவரை அதைக் காத்தார். இருபத்தைந்து வயதில், மாகாணத்திலேயே மிகுந்த ஊதியம் பெறக்கூடிய நடிகை ஒருவர், காதற்பாட்டுப் பாடும் வேடங்களையெல்லாம் ஒரே நாளில் கைவிட்டார். கொஞ்ச காலம் மேடையையும் கைவிட்டார். கொடுமுடி வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தவரை மறுபடி பாட அழைத்தது தேசிய இயக்கம். முன்னமே கிட்டப்பாவும் அவரும் கதர் உடுத்தியவர்கள். விடுதலைப் பாட்டுகளைப் பாடியவர்கள். தீரர் சத்தியமூர்த்தி விடாமல் வற்புறுத்தினார். காங்கிரசுக் கூட்டங்களில் தலைவர்கள் பேசுவதற்கு முன்னால் அவர் பாடினார். பல ஊர்களில் கூட்டம் பேச்சுக்காக வந்ததா, பாட்டுக்காக வந்ததா என்று தலைவர்களுக்கே சந்தேகம் இருந்திருக்கும். இசைத்தட்டுகளும் வெளிவந்தன. காந்தியடிகள் கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்தார் என்றும், பொன் தட்டில் உணவு பரிமாறப்பட்டது என்றும், உண்டபின் அந்தத் தட்டையும் அரிசன நிதிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்றும் ஒரு கதை கொங்கு நாட்டில் பரவலாக வழங்குகிறது. புகைவண்டியில் காலணாவுக்குப் பாடியவர் வீட்டில் பொன் தட்டு இருந்தது என்பதையும், அதைத் தயங்காமல் கொடுத்தார் என்பதையும் ஊரார் சேர்த்தே சொல்கிறார்கள்.

பேசும் படம் தமிழில் 1931இல் தொடங்கியது. 1935இல் நந்தனார் படத்தில் நடிக்க அவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் பேசப்பட்டது. அக்காலத்து ஒரு இலட்சம் என்றால் இன்று எவருக்கும் எளிதில் விளங்காது. ஒரு சவரன் முப்பது ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலம் அது. ஆணுக்கு இணையாக நடிப்பதில்லை என்ற உறுதியைக் காத்துக்கொண்டே படத்துக்குள் வர அவர் கண்ட வழி ஆண் வேடம். நந்தனாராகவே அவர் நடித்தார். வேதியராக வந்தவர் மகாராசபுரம் விசுவநாத ஐயர். தில்லைக்குப் போக அனுமதி கேட்டு நிற்கும் புலையர் குலத்து அடியாராக ஒரு பெண். அனுமதி மறுக்கும் வேதியராகச் சங்கீத உலகின் பெரும் வித்துவான். படம் ஓடவில்லை. கல்கி விகடனில் கடுமையாகக் கேலி செய்து எழுதினார். படத்தில் வந்த மரங்களும் மாடுகளும் நன்றாக நடித்ததாகப் பாராட்டினார். நடிப்பைப் பற்றி அவர் சொன்னதை மறுப்பதற்கில்லை. நாடக மேடையில் கடைசி வரிசைவரை எட்டவேண்டிய கையசைவைக் கேமராவின் எதிரே செய்தால் அப்படித்தான் தோன்றும். அந்தப் பாடம் கற்க அம்மையாருக்குப் பல ஆண்டுகள் ஆயின. 1940இல் மணிமேகலை. காதலைத் துறந்து பிச்சைப் பாத்திரம் ஏந்தியவளின் கதை. வேடம் தேடி வந்ததா, அவர் வேடத்தைத் தேடிப் போனாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

1953இல் ஜெமினி வாசன் ஔவையார் படத்தை எடுத்தார். கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். இளம்பெண் ஔவை, மணம் பேச வந்தவர்களுக்கு அஞ்சி, பிள்ளையாரிடம் முறையிட்டு இளமையைக் கொடுத்து முதுமையை வாங்கிக்கொள்கிறாள் என்பது கதை. நரை தரித்த அந்தக் கணத்திலிருந்து சுந்தராம்பாள் திரையில் தோன்றுகிறார். இருபது ஆண்டுகளுக்கு முன்பு அவர் தம் வாழ்க்கையில் செய்ததும் அதுவேதான் என்பதைப் படம் பார்த்த கோடிக்கணக்கானவர்களுள் வயதானவர்கள் அறிந்திருந்தார்கள். வெள்ளைப் புடவை, கையில் கோல், வாயில் தமிழ். அதன் பிறகு தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு ஔவையாரின் முகம் இதுதான் என்று உறுதியாகிவிட்டது. சங்கப் புலவர் ஔவை வேறு, ஆத்திசூடி ஔவை வேறு என்று ஆராய்ச்சியாளர்கள் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் பயனில்லை. எல்லா ஔவையாருக்கும் கொடுமுடிக்காரியின் முகமும் குரலும் வந்துவிட்டன.

இதற்கிடையில், 1950களில் காங்கிரசு சார்பில் சென்னைச் சட்ட மேலவையிலும் அவர் உறுப்பினராக இருந்தார். திரையுலகிலிருந்து சட்டமன்றத்துக்குச் சென்ற முதற் கலைஞர் என்று அவரைச் சொல்வர். பின்னாளில் அந்த வழியில் எத்தனை பேர் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதைத் தமிழ்நாட்டாருக்குச் சொல்லவேண்டியதில்லை.

கவிஞர்கள் கவனிக்கவேண்டிய நிகழ்ச்சி ஒன்று 1964இல் நடந்தது. மு. கருணாநிதி திரைக்கதை எழுதிய பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளாக நடிக்க அம்மையாரை அழைத்தார்கள். அவரோ நெற்றி நிறையத் திருநீறு பூசிய காங்கிரசுக்காரர். எழுதியவரோ பகுத்தறிவுக் கட்சியின் முன்னணித் தலைவர். தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். கோவலன் கொலையுண்டபின் பாடவேண்டிய பாட்டில், தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கும் பொருளில் ஓர் அடி இருந்தது. அதைத் தம் வாயால் பாடமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார் என்றும், தெய்வம் வந்துவிட்டது என்று பொருள்படும்படி ஓரிரு சொற்களை மாற்றிக் கொடுத்த பின்னரே பாடினார் என்றும் சொல்வர். எழுதியவரின் கோபம் ஒரு பொருள். பாடியவரின் நம்பிக்கை இன்னொரு பொருள். சிலப்பதிகாரத்துக் கவுந்தி சமணத் துறவி; திருநீற்றுக்கும் பகுத்தறிவுக்கும் அவருக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்பதை அந்த வழக்கில் யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. எப்படியிருந்தாலும், சொல்லின் பொருளை ஏற்றுக்கொள்ளாமல் அந்தக் குரல் எழாது என்பது அன்று உறுதியாயிற்று. மெட்டுக்குச் சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இது விளங்காது.

அவருடைய பாட்டின் உருக்கத்துக்கு எது காரணம் என்று கேட்டால், பெரும்பாலோர் கிட்டப்பாவின் மரணத்தையே சுட்டிக் காட்டுவார்கள். துயரம் குரலாயிற்று என்பது கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபத்தைந்து வயதுக்கு முன்பே கொழும்பிலும் மதுரையிலும் ஆயிரக்கணக்கானவர்களை அழவைத்த குரல் அது. கணவனை இழந்த பெண்கள் நாட்டில் இலட்சக்கணக்கில் இருந்தார்கள்; அவர்களுடைய அழுகை தெருமுனையைத் தாண்டவில்லை. துயரம் இருந்தால் மட்டும் பாட்டு வந்துவிடாது. பத்து வயதுமுதல் இரவு இரவாக ஐந்து கட்டையில் பாடிப் பழகிய மூச்சு வேண்டும். மூச்சு முடியும் இடத்தில் சொல்லை உடைக்காமல், சொல் முடியும் இடம்வரை மூச்சைக் காக்கத் தெரியவேண்டும். அம்மையாரின் தட்டுகளைக் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: வல்லின றகரமும் சிறப்பு ழகரமும் அவர் வாயில் ஒருபோதும் குழைவதில்லை. உச்சத்தில் குரலை நீட்டும்போது மற்ற பாடகர்கள் மெய்யெழுத்தை விழுங்கிவிட்டு உயிரெழுத்தில் நின்றுகொள்வார்கள். அவர் மெய்யைக் கடித்து நிறுத்திவிட்டே மேலே போவார். கொட்டகையின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த எழுத்தறியாத உழவனுக்குச் சொல் விளங்கவேண்டும் என்ற கட்டாயம் அந்தப் பழக்கத்தைத் தந்தது. விளங்கினதால்தான் அவன் அழுதான். சோப்பேனின் பியானோ சொல் இல்லாமலே அழவைக்கும். அதற்குச் சொல் தேவையில்லாத அமைதியான கூடம் வேண்டும். முறுக்கு விற்பவனும் அழும் குழந்தையும் நடுவில் இருக்கும் கொட்டகையில் பாடியவருக்குச் சொல்லே பிடிமானம்.

துயரத்துக்குப் பங்கில்லை என்பதும் சரியன்று. 1933க்குப் பின் அவர் எதைப் பாடலாம், எதைப் பாடக்கூடாது என்பதைத் துயரம் தீர்மானித்தது. காதலும் ஊடலும் விலகின. முருகனும் நாடும் தமிழும் எஞ்சின. முன்பு பரண்மேல் நின்று முருகனை மறுத்துப் பாடிய வள்ளி, பின்பு வாழ்நாள் முழுவதும் அந்த முருகனையே அழைத்துப் பாடினாள். இதை அம்மையார் ஒருபோதும் வெளிப்படையாகச் சொன்னவரல்லர். கேட்டவர்கள் அவரவர் போக்கில் உணர்ந்துகொண்டார்கள்.

1965இல் ஏ. பி. நாகராசனின் திருவிளையாடல். மறுபடியும் ஔவையார் வேடம். மாம்பழம் கிடைக்காத கோபத்தில் பழனிமலைக்குப் போய் நின்ற பிள்ளை முருகனைச் சமாதானம் செய்ய வரும் கிழவி. ஐம்பத்தேழு வயதில் அவர் பாடிய அந்தப் பாட்டில் பேத்தியின் துடுக்கும் பாட்டியின் பரிவும் ஒருங்கே இருக்கின்றன. படத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நாகேசும் இருக்க, கிழவி வரும் இடத்தில் கொட்டகை அமைதியாகிவிடும். மறு ஆண்டில் தமிழிசைச் சங்கம் இசைப் பேரறிஞர் பட்டம் அளித்தது. சபை வித்துவான்கள் பெற்ற அந்தப் பட்டம் நாடகக்காரி ஒருவருக்குக் கிடைத்ததில் ஒரு பழைய கணக்கு நேரானது. 1969இல் கோவையைச் சேர்ந்த சாண்டோ சின்னப்பா தேவரின் துணைவன் படத்தில் பாடியதற்காக, சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருது கிடைத்தது. அறுபது வயதைத் தாண்டிய குரலுக்குக் கிடைத்த விருது. 1970இல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது.

பணம் நிறைய வந்தும் அவர் சென்னையின் ஆடம்பரத்தில் கரைந்துவிடவில்லை. கொடுமுடியில் தம் பெயரால் ஒரு திரையரங்கு கட்டினார். வேறு எந்த ஊரில் கட்டியிருந்தாலும் அது வெறும் முதலீடாகத்தான் இருந்திருக்கும். ஊர் நடுவே செங்கல்லும் சுண்ணாம்புமாக அது எழுந்தபோது, இரயில் நிலையத்தில் பாடித் திரிந்த குழந்தையைப் பார்த்த கிழவர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருந்தார்கள். எழுபதுகளிலும் காரைக்கால் அம்மையார் முதலிய படங்களில் பாடி நடித்தார். காரைக்காலம்மையாரும் கணவன் நீங்கியதும் இளமையையும் அழகையும் உதறிப் பேயுருக் கேட்டு வாங்கியவர். மணிமேகலை, ஔவை, கவுந்தி, காரைக்காலம்மை என்று தமிழ் இலக்கியத்தில் துறந்த பெண்கள் எத்தனை பேர் உண்டோ அத்தனை பேர் கதைகளிலும் அவர் வந்துவிட்டார்.

1980இல் சென்னையில் காலமானார். கிட்டப்பா மறைந்து ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. வெள்ளைப் புடவை அதுவரை மாறவில்லை. தைப்பூசத்துக்குச் சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம் பக்கத்து ஊர்களிலிருந்து காவடியெடுத்துப் பழனிக்கு நடந்து செல்கிறவர்களின் வழி நெடுகிலும், தண்ணீர்ப் பந்தல்களில் கட்டிய ஒலிபெருக்கிகளில், ஒலிபெருக்கியே இல்லாத காலத்தில் பழகிய அந்தக் குரல் ஆண்டுதோறும் ஒலித்தது. நடந்து கால் வீங்கியவர்கள் பந்தலில் உட்கார்ந்து, பாட்டு முடியும்வரை எழுந்திருப்பதில்லை.